தாக்குதலுக்குப் பிறகு யாரைக் கேட்பது?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோணியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் ஷங்ரி-லா, சினமன் கிராண்ட், கிங்ஸ்பரி விடுதிகள் ஆகிய ஆறு இடங்களில் ஒரு மணி நேரத்துக்குள் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் 40-க்கும் மேற்பட்டோர் வெளிநாட்டினர். சுமார் 500 பேர் காயமடைந்தார்கள். உள்நாட்டுப் போர் ஓய்ந்து பத்தாண்டு நிறைவதற்குச் சில வாரங்களே இருந்த நிலையில், இலங்கை மீண்டும் சவப்பெட்டிகளை வரிசையாக அடுக்க வேண்டியதாயிற்று.

பயங்கரவாதத் தாக்குதல்கள் பெரும்பாலும் எதிர்பாராமல் நடப்பவை என்று சொல்லப்படும். இந்தத் தாக்குதலை அப்படிச் சொல்ல முடியாது. ஏப்ரல் 4 அன்றே இந்தியப் புலனாய்வுத் துறையிடமிருந்து இலங்கை அரசப் புலனாய்வுச் சேவையின் தலைவர் நிலந்த ஜயவர்தனவுக்குத் தகவல் போய்விட்டது. பின்னர் தாக்குதலை வழிநடத்திய சஹ்ரான் ஹாஷிமின் பெயர் அதில் இருந்தது. கத்தோலிக்கத் தேவாலயங்களும் இந்தியத் தூதரகமும் குறிவைக்கப்படலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. ஏப்ரல் 9 அன்று தேசியப் புலனாய்வுத் தலைவர் சிசிர மெண்டிஸ் காவல் துறைத் தலைவர் பூஜித் ஜயசுந்தரவுக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 11 அன்று காவல் துறைக்குள் சுற்றுக்கு விடப்பட்ட குறிப்பில், சஹ்ரானின் தம்பி இரவு நேரத்தில் எப்போது ரகசியமாக மனைவி மக்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார் என்பதுவரை எழுதப்பட்டிருந்தது. அந்தக் குறிப்பு போய்ச் சேர்ந்தது முக்கியப் பிரமுகர்களுக்குக் காவல் நிற்கும் பிரிவுகளுக்கு. தேவாலயங்களுக்கு எவரும் சொல்லவில்லை. தாக்குதலுக்குச் சில மணி நேரம் முன்புகூட இந்தியாவிடமிருந்து மீண்டும் எச்சரிக்கை வந்தது.

ஒரு பயங்கரவாதத் தாக்குதலுக்குப் பிறகு அரசும் உலகமும் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை. கொன்றவர்களைத் தேடுவது அரசின் முதல் வேலை என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அதே மூச்சில், ‘தெரிந்திருந்தும் ஏன் தடுக்கவில்லை?’ என்று அரசு தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வியைத் தவிர்க்கும் அரசு, பதிலைத் தேடி ஒரு சமூகத்தின் வீட்டுக் கதவைத் தட்டப் போகும். இலங்கையில் அதுதான் நடந்தது.

பிளவுபட்ட அதிகாரம்

2018 அக்டோபர் 26 அன்று அதிபர் மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மஹிந்த ராஜபக்சவை அந்த நாற்காலியில் அமர்த்தினார். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு டிசம்பரில் ரணில் திரும்பிவந்தார். ஆனால், இருவருக்கும் இடையிலான பகை தீரவில்லை. தேசியப் பாதுகாப்புக் குழுக் கூட்டங்களுக்குத் தன்னை அழைப்பதே இல்லை என்று தாக்குதலுக்குப் பிறகு ரணில் சொன்னார். எச்சரிக்கை குறித்துத் தன்னிடம் எவரும் தெரிவிக்கவில்லை என்றார் சிறிசேன. குண்டுகள் வெடித்தபோது அவர் சிங்கப்பூரில் இருந்தார். பாதுகாப்புத் துறையையும் சட்டம் ஒழுங்கையும் தன் கையில் வைத்திருந்தவர் அவர். அதிகாரத்தை எல்லாம் வைத்துக்கொண்டு, பொறுப்பை மட்டும் கீழே இறக்கிவிடும் அரசியல், எந்த வெடிமருந்துக்கும் குறையாத ஆபத்து.

அதற்கு முன்பே அறிகுறிகள் வரிசையாக வந்திருந்தன. 2017 மார்ச்சில் காத்தான்குடியில் சூஃபி வழியைச் சேர்ந்தவர்களுடன் சஹ்ரான் குழுவினர் மோதினார்கள். அதன் பிறகு சஹ்ரான் தலைமறைவானார். அவருடைய பேச்சுகள் ஆபத்தானவை என்று முறையிட்டவர்கள் முஸ்லிம்கள்தான். 2018 டிசம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் சிதைக்கப்பட்டன. 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டம் வனாத்தவில்லுவில் வெடிபொருள் குவியல் சிக்கியது.

இவை எல்லாவற்றையும்விட மனதை உறுத்துவது வவுணதீவுச் சம்பவம். 2018 நவம்பர் 30 அன்று மட்டக்களப்பு வவுணதீவில் சோதனைச் சாவடிக் காவலில் இருந்த இரண்டு காவலர்கள் கொல்லப்பட்டார்கள். புலிகள் மீண்டும் தலைதூக்குகிறார்கள் என்று முடிவுகட்டிய காவல் துறை, முன்னாள் போராளி ஒருவரைப் பிடித்துச் சிறையில் அடைத்தது. கொன்றது சஹ்ரானின் ஆட்கள் என்பது ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னரே வெளியே வந்தது. அந்த மனிதர் அதன் பிறகுதான் விடுவிக்கப்பட்டார். அவர் சிறையில் இருந்த ஐந்து மாதங்கள், உண்மையான கொலைகாரர்களுக்குக் கிடைத்த ஐந்து மாதங்கள். வழக்கமான சந்தேகத்துக்குரியவர் யார் என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டு துப்புத் துலக்கினால், தப்பிப்பவர் குற்றவாளிதான். தடயத்தைப் பார்க்காமல் இனத்தைப் பார்த்ததற்கான விலையைப் பின்னர் தேவாலயங்களில் இருந்தவர்கள் கொடுத்தார்கள்.

மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஞாயிறு பள்ளி வகுப்பு முடிந்து, ஆராதனை தொடங்குவதற்கு முன் பிள்ளைகள் வெளியே வந்து சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தோளில் பையுடன் அந்நியர் ஒருவர் வந்து நின்றார். ஆராதனையைப் படம் எடுக்க வந்ததாகச் சொன்னார். சபையைச் சேர்ந்த ஒருவருக்குச் சந்தேகம் தட்டியது. யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்து, உள்ளே விடாமல் வெளியிலேயே நிறுத்தினார். குண்டு அங்கேயே வெடித்தது. விசாரித்தவரும் மாண்டார். அந்த வளாகத்தில் இறந்த 31 பேரில் 14 பேர் சிறுவர்கள். ஆலயத்துக்குள் நிறைந்திருந்த நூற்றுக்கணக்கானோர் உயிர் தப்பியதற்கு அவர் கேட்ட கேள்விகளே காரணம். அவரிடம் புலனாய்வு அறிக்கை எதுவும் இல்லை, சீருடை இல்லை, சம்பளம் இல்லை. பெயரும் ஊரும் கையில் இருந்த அரசு செய்யாததை, ஒரு சாமானியர் தன் உயிரைக் கொடுத்துச் செய்தார்.

சட்டம் பாய்ந்த திசை

தாக்குதலுக்குப் பிறகு அரசின் இயந்திரம் வேகமாகத்தான் சுழன்றது. அன்றே சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஊரடங்கு வந்தது. மறுநாள் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டு நான்கு மாதங்கள் நீடித்தது. ஏப்ரல் 26 அன்று சாய்ந்தமருதில் சஹ்ரானின் குடும்பத்தினரும் கூட்டாளிகளும் தங்கியிருந்த வீடு சுற்றிவளைக்கப்பட்டது. உள்ளே இருந்தவர்கள் குண்டை வெடிக்கச் செய்ததில் குழந்தைகளும் பலியானார்கள். வலைப்பின்னலின் எஞ்சிய கண்ணிகள் விரைவாக அறுக்கப்பட்டன என்பதை மறுக்க முடியாது. மேலும் தாக்குதல்கள் நடக்காமல் தடுத்த புலனாய்வாளர்களின் உழைப்பு மதிக்கத் தக்கது.

ஆனால், அத்தோடு நிற்கவில்லை. ஏப்ரல் 29 முதல் முகத்தை மூடும் ஆடைக்குத் தடை வந்தது. 2,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் அணிந்திருந்த ஆடையில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிடப்பட்டிருந்தது; அதைத் தர்மச்சக்கரம் என்று எடுத்துக்கொண்டு அவரைச் சிறைக்கு அனுப்பினார்கள். மே மாதம் நடுவில் சிலாபம், குளியாப்பிட்டிய, மினுவாங்கொடை பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஊரடங்கு அமலில் இருக்கும்போதே கும்பல்கள் தெருவில் திரிந்தன. புத்தளம் மாவட்டத்தில் தச்சுத் தொழிலாளி ஒருவர் தன் வீட்டில் வைத்தே வெட்டிக் கொல்லப்பட்டார். ஜூன் 3 அன்று முஸ்லிம் அமைச்சர்கள் அனைவரும் பதவி விலகினார்கள்.

பிள்ளைகளைப் பறிகொடுத்த கத்தோலிக்கச் சமூகம் பழிவாங்கலைக் கேட்கவில்லை. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் முதல் நாளிலிருந்தே அமைதி காக்கச் சொன்னார். கூடவே, உண்மையைச் சொல்லுங்கள் என்றும் கேட்டார். முதலாவதை மக்கள் கேட்டார்கள். இரண்டாவதை அரசு கேட்கவில்லை.

அஹ்னாப் ஜஸீமின் வழக்கு இதன் உச்சம். தமிழாசிரியர், கவிஞர். ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பை வெளியிட்டிருந்தார். ஈஸ்டர் தாக்குதலுக்கு ஓராண்டு கழித்து, 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் கைதானார். தீவிரவாதத்தைப் பரப்பும் புத்தகம் என்பது குற்றச்சாட்டு. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் அந்தப் புத்தகத்தைப் புரட்டியிருந்தால், ஐ.எஸ். அமைப்பையும் வன்முறையையும் கண்டிக்கும் கவிதைகள் அதில் இருப்பதைப் பார்த்திருக்க முடியும். 19 மாதங்கள் உள்ளே இருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. ஓர் அயல்மொழியில் எழுதப்பட்ட புத்தகம் அல்ல இது. அந்த நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றில் எழுதப்பட்டது. அதைப் படித்துப் பார்க்கக்கூட முடியாத விசாரணை அமைப்பு, நாட்டின் பாதுகாப்பை எப்படிக் காக்கும்?

பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979-ல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவரப்பட்டது. முதலில் தமிழ் இளைஞர்கள்மீது பாய்ந்தது, பிறகு முஸ்லிம்கள்மீது, 2022 மக்கள் போராட்டத்துக்குப் பிறகு சிங்கள மாணவர் தலைவர்கள்மீதும் பாய்ந்தது. ‘நமக்கு வராது’ என்று எந்தச் சமூகமும் நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு அந்த வரிசையே சாட்சி.

தமிழ்நாட்டுக்கும் இத்தகைய சட்டம் புதிதல்ல. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு பொதுமக்களும் காவலர்களும் கொல்லப்பட்டது மன்னிக்க முடியாத கொடுமை. அந்த வழக்கில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 1998-ல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. இது தடா சட்டத்தில் வரும் குற்றமே அல்ல என்றும் சொன்னது. எட்டு ஆண்டுகள் கழித்து வந்த அந்தத் தீர்ப்பை, கடுமையான சட்டம் கேட்டு உரத்துப் பேசுபவர்கள் ஒரு முறை படிக்க வேண்டும்.

பொறுப்பேற்றது யார்?

பாதுகாப்புச் செயலர் ஹேமசிறி பெர்னாண்டோ நான்கு நாட்களில் பதவி விலகினார். பூஜித் ஜயசுந்தர மறுத்தார். கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார். இருவர் மீதும் தலா 855 குற்றச்சாட்டுகளுடன் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் கொழும்பு உயர் நீதிமன்றம் எதிர்த்தரப்பு வாதத்தைக் கேட்காமலேயே இருவரையும் விடுவித்தது. சந்தேக நபர்கள் 25 பேருக்கு எதிரான வழக்கு 2021 நவம்பரில்தான் தொடங்கியது. குற்றச்சாட்டுகளின் எண்ணிக்கை 23,270. இத்தனை ஆயிரம் குற்றச்சாட்டுகளை அடுக்கினால் நீதி விரைவாக வராது.

இதற்கிடையில், பாதுகாப்பை உறுதிசெய்வேன் என்று சொல்லி 2019 நவம்பரில் கோத்தபய ராஜபக்ச அதிபரானார். தாக்குதலை விசாரித்த அதிபர் ஆணைக்குழுவின் அறிக்கை 2021 பிப்ரவரியில் அவர் கைக்குப் போனது. அதன் முழுத் தொகுதிகளையும் வெளியிடும்படி திருச்சபை திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. 2023 செப்டம்பரில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி, தாக்குதலுக்குப் பின்னால் அரசியல் சதி இருந்ததாகக் கூறும் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. ராஜபக்ச தரப்பு அதை மறுத்தது. அந்தக் குற்றச்சாட்டு உண்மையா, பொய்யா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். முதல் ஆண்டிலேயே முழு உண்மையும் வெளியே வைக்கப்பட்டிருந்தால், ஒரு நாடு தன் பிள்ளைகளின் சாவைப் பற்றி அறிய அயல்நாட்டுத் தொலைக்காட்சியை எதிர்பார்த்திருக்காது.

நம்பிக்கை தந்தது உச்ச நீதிமன்றம். 2023 ஜனவரி 12 அன்று ஏழு நீதிபதிகள் அமர்வு, அடிப்படை உரிமை மனுக்களில் தீர்ப்பு அளித்தது. தடுத்திருக்க வேண்டிய கடமையைச் செய்யாததால் மக்களின் உரிமை மீறப்பட்டது என்று அது கூறியது. சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய், பூஜித் ஜயசுந்தரவும் நிலந்த ஜயவர்தனவும் தலா 7.5 கோடி, ஹேமசிறி பெர்னாண்டோ 5 கோடி, சிசிர மெண்டிஸ் 1 கோடி ரூபாய் பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதியில் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. முன்னாள் அதிபர் அதைத் தவணை தவணையாகக் கட்டினார். தெற்காசியாவில் ஒரு நாட்டின் முன்னாள் தலைவரை, மக்களைக் காக்கத் தவறியதற்காக நீதிமன்றம் சொந்தப் பணத்தைக் கட்டவைத்தது சாதாரணச் செய்தி அல்ல. டெல்லியில் உள்ளவர்களும் இந்தத் தீர்ப்பைப் படிக்க வேண்டும்.

உலகம் செய்ததும் செய்யாததும்

ஈஸ்டர் தாக்குதலுக்கு 37 நாட்கள் முன்பு, 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகைக்கு வந்த 51 பேரை வெள்ளை இனவெறியர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அடுத்த நாட்களில் பிரதமர் ஜெசிந்தா ஆர்டன் செய்தவை உலகம் அறிந்தவை. ஏப்ரல் 10 அன்று ராணுவ பாணி அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்யும் சட்டம் 119-க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. மக்களிடமிருந்து 56,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அரசு பணம் கொடுத்துத் திரும்பப் பெற்றது. கொலையைக் கொலைகாரரே ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டியதால், மே 15 அன்று பாரிஸில் பிரெஞ்சு அதிபர் மக்ரோனுடன் இணைந்து, தொழில்நுட்ப நிறுவனங்களையும் அரசுகளையும் ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தார் ஆர்டன்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2020 டிசம்பர் 8 அன்று 44 பரிந்துரைகளுடன் வெளியானது. துப்பாக்கி உரிமம் கொடுத்ததில் காவல் துறை தவறியது என்றும், உளவு அமைப்புகள் இஸ்லாமியத் தீவிரவாதத்தின் மீது மட்டுமே அளவுக்கு மீறிக் கவனம் குவித்தன என்றும் அது சொன்னது. அறிக்கை வெளியான நாளிலேயே பிரதமர் மன்னிப்புக் கேட்டார். நியூசிலாந்து செல்வ வளமுள்ள சிறிய நாடு. முப்பதாண்டுப் போரின் காயங்கள் அதற்கு இல்லை. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு ஒப்பிடக் கூடாது. ஆனால், அறிக்கையை வெளியிடவும் மன்னிப்புக் கேட்கவும் செல்வம் தேவையில்லை.

இலங்கை விஷயத்தில் வெளிநாடுகள் கைகொடுக்கத் தவறவில்லை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., இன்டர்போல், பிரிட்டன், ஆஸ்திரேலியக் காவல் துறையினர் கொழும்புக்கு வந்தார்கள். பிரதமர் மோடி ஜூன் 9 அன்று கொச்சிக்கடை ஆலயத்தில் அஞ்சலி செலுத்தினார். கோயம்புத்தூரில் என்.ஐ.ஏ. விசாரித்த வழக்கொன்றில் சிக்கிய தடயங்களே சஹ்ரானைப் பற்றிய எச்சரிக்கைக்கு வழிவகுத்தன என்று அப்போது செய்திகள் வெளியாயின. எல்லை தாண்டிய புலனாய்வுப் பகிர்வு எவ்வளவு பயன் தரக்கூடியது என்பதற்கும், வாங்கிய நாடு செயல்படாவிட்டால் அது எவ்வளவு வீண் என்பதற்கும் ஒரே சம்பவம் சான்றாக இருக்கிறது.

அதே நேரத்தில், உலக நாடுகளின் உதவிக்குள் ஒரு முரண் இருக்கிறது. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு, 2001 செப்டம்பர் 28 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 1373-வது தீர்மானம், எல்லா நாடுகளும் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டங்களை வலுப்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. பயங்கரவாதம் என்றால் என்ன என்று அது வரையறுக்கவில்லை. அந்த இடைவெளியில் எத்தனையோ அரசுகள் தங்கள் விமர்சகர்களையும் சிறுபான்மையினரையும் அடக்கும் சட்டங்களைப் புகுத்தின. இப்போது ஐரோப்பிய ஒன்றியம் வரிச்சலுகையைக் காட்டி, அந்தச் சட்டங்களைத் திருத்தச் சொல்லி இலங்கையை வற்புறுத்துகிறது. 2022 மார்ச்சில் இலங்கை செய்த திருத்தங்கள் மேலோட்டமானவை. கடுமையான சட்டம் கேட்கும் சர்வதேசச் சமூகம், கூடவே பொறுப்புக்கூறலையும் முதல் நாளிலேயே கேட்க வேண்டும்.

வெளிநாடுகள் செய்த இன்னொன்றின் விளைவை ஏழைகள் சுமந்தார்கள். பல நாடுகள் தங்கள் மக்களை இலங்கைக்குப் போக வேண்டாம் என்று எச்சரித்தன. தன் குடிமக்களின் உயிரைப் பற்றி அக்கறை கொள்ளும் எந்த அரசும் அதைச் செய்யத்தான் செய்யும். ஆனால், 2018-ல் 23 லட்சத்தைத் தாண்டிய சுற்றுலாப் பயணிகள் எண்ணிக்கை மறு ஆண்டு சுமார் 19 லட்சமாகச் சரிந்தது. வாடகை வண்டி ஓட்டுநர்களும், கடற்கரையில் சிறுகடை வைத்திருப்பவர்களும், விடுதிகளில் தினக்கூலி வாங்குபவர்களும் குண்டு வெடிக்காத ஊர்களிலும் பட்டினி கிடந்தார்கள். இரங்கல் தீர்மானம் போடும் நாடுகள், இந்தப் பாதிப்பை ஈடுசெய்யவும் ஒரு நிதி ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும்.

நமக்கான பாடம்

மும்பைத் தாக்குதலில் 166 பேர் இறந்த பிறகு, 2008 டிசம்பரிலேயே என்.ஐ.ஏ. சட்டமும் ஊபா திருத்தமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. சில வாரங்களில் சட்டம் செய்ய முடிந்த நாட்டில், மத்தியப் புலனாய்வு அமைப்புகளின் தவறுகளை விசாரிக்கும் சுதந்திரமான தேசிய ஆணையம் அமைக்கப்படவில்லை. மஹாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழு மும்பை காவல் துறையின் செயல்பாட்டை மட்டுமே ஆராய்ந்தது. 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். பதிலடி வேகமாக நடந்தது. அந்தப் புல்வெளியில் பாதுகாப்பு ஏன் இல்லை என்ற கேள்விக்கான பதில், பொதுவெளிக்கு ஓர் அறிக்கையாக வந்திருக்க வேண்டும்.

எனவே, சில நடைமுறைகளைச் சட்டமாகவே ஆக்க வேண்டும். எந்தப் பெரிய தாக்குதலுக்குப் பிறகும் ஆட்சியாளர்களின் கட்டுப்பாட்டில் இல்லாத விசாரணை ஆணையம் தானாக அமைய வேண்டும். அதன் அறிக்கை குறிப்பிட்ட காலத்துக்குள் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். புலனாய்வு எச்சரிக்கை யாருக்கு வந்தது, அவர் என்ன நடவடிக்கை எடுத்தார் என்பது எழுத்தில் பதிவாக வேண்டும். செயல்படாதவர் பதில் சொல்லியாக வேண்டும். தாக்குதலில் தொடர்பில்லாத சமூகத்தைக் கும்பல்களிடமிருந்து காப்பது, குற்றவாளியைப் பிடிப்பதற்குச் சமமான கடமையாகக் கருதப்பட வேண்டும். அவசரத்தில் வரும் சட்டங்களுக்குக் காலாவதித் தேதி இருக்க வேண்டும். பிள்ளைகளை இழந்தவர்களுக்கும் உறுப்புகளை இழந்தவர்களுக்கும் வாழ்நாள் முழுவதும் சிகிச்சையும் உதவியும் உறுதியாக வேண்டும்.

இவற்றைக் கேட்பது தேசப்பற்றுக்கு விரோதம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அரசை நம்பி ஆலயத்துக்கும் பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் போகும் மக்களின் உயிருக்கு அரசே பொறுப்பு. அந்தப் பொறுப்பை நினைவூட்டுவதைவிடப் பெரிய தேசப்பற்று இல்லை. அடுத்த முறை ஒரு தாக்குதல் நடந்து, தொலைக்காட்சிகளில் பழிவாங்கும் குரல்கள் எழும்போது, வாசகர்கள் தங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் முதலில் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: எச்சரிக்கை வந்திருந்ததா, வந்திருந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தீர்கள்? பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.